அடுப்படிக்கு எதுக்குச் சன்னல்?

சன்னல் செய்து பிழைத்தவர்களில் கோபம் இல்லாத ஆள் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

கதவு செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கதவு வேண்டாம் என்று எந்த வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார். சன்னல் என்றால் மட்டும் ஆளுக்கு ஆள் பேச்சு வந்துவிடும். திருடன் வருவான், கண் படும், மழைச்சாரல் அடிக்கும், பூனை நுழையும். காற்று வரும் என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. நீங்களும் ஏதாவது ஒரு சித்திரை மாதத்துக் கல்யாண வீட்டில், எல்லாச் சன்னலையும் சாத்திய கூடத்தில், பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது உங்களுக்கு வந்த கோபத்தை நான் முப்பது வருடம் தினமும் சுமந்தேன். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

சன்னலில் பல வகை உண்டு. இரண்டு கதவுச் சன்னல் எல்லோருக்கும் தெரியும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு கதவு வைத்ததும் உண்டு. அதில் கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்தால், தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே இருப்பது தெரியாது, காற்று மட்டும் வரும். மேல்கூரையை ஒட்டி வைக்கிற வென்டிலேட்டர், சூடான காற்று ஏறி வெளியே போவதற்கு. சிமெண்ட் ஜாலி, கதவே இல்லாமல் எப்போதும் திறந்திருக்கும். எந்த வகையானாலும் காற்று நுழைய ஒரு வழி, வெளியேற வேறொரு வழி வேண்டும். அரியலூர் மரவாடியில் தொழில் பழகியபோது நான் முதலில் தெரிந்துகொண்டது இதுதான். ஆனால் இதை ஒரு வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் எனக்குக் கடைசி வரை வரவில்லை. எனக்குக் கூச்சம் அதிகம். கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், உளி மட்டும் வேகமாக ஓடும்.

ஒன்பதில் ஒன்று

எறையூரில் சர்க்கரை ஆலை வந்த பிறகு கரும்புக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமலிங்கம். பெரம்பலூரில் துறையூர் ரோட்டை ஒட்டி மனை வாங்கி மொட்டை மாடி வீடு கட்டினார். கொத்து வேலை வரதராசன்பேட்டை சூசை. மர வேலை நான். சூசை பேச்சுக்காரர், நான் பேசாதவன். அதனால் நாங்கள் பல வீடுகளில் சேர்ந்தே வேலை செய்தோம்.

ராமலிங்கத்தின் மனைவி சரோசாவுக்கு இளைப்பு நோய். பழைய ஓட்டு வீட்டில் பருத்திமாரும் முள்ளும் எரித்தே வந்தது. கடைக்கால் வெட்டிய அன்று அவர் என்னிடம் வந்து, "மேஸ்திரி அண்ணே, எனக்குக் கூடம் எப்படி இருந்தாலும் சரி. அடுப்படியில மட்டும் பெரிய சன்னலா ஒண்ணு வச்சுக் குடுத்துருங்க. ஆஸ்பத்திரியில புகையில நிக்காதன்னு சொல்லிட்டாங்க. நிக்காம எப்படிச் சோறாக்குறது?" என்றார். அவர் கேட்டது எனக்குச் சரியாகப் பட்டது. ஓட்டு வீட்டில் புகை ஓட்டு இடுக்கு வழியாகக் கசிந்தாவது போகும். கான்கிரீட் கூரையில் அது எங்கே போகும்? ஓட்டு வீட்டிலிருந்து மொட்டை மாடிக்கு வந்த எல்லோரும் இந்தத் தப்பைச் செய்தார்கள். கூரையை மாற்றினார்கள், புகை பழைய வழியிலேயே போய்விடும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கூடத்துக்கு மூன்று, இரண்டு அறைக்கும் இரண்டிரண்டு, நெல் போடும் அறைக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று. ஆக ஒன்பது. ஒன்பது சட்டமும் செய்து முடித்த பிறகு மனையடி பார்க்கிற சோசியர் வந்தார். ஒன்பது ஒத்தைப்படை, ஆகாது, இரட்டைப்படைதான் வேண்டும், பத்தும் கூடாது, பூச்சியத்தில் முடியும் என்றார். ஆகவே எட்டு. எதை எடுப்பது என்று ராமலிங்கம் யோசிக்கவே இல்லை. அவருடைய அம்மா அவருக்கு அந்த வேலையை வைக்கவில்லை. சரோசா அங்கேயேதான் சிமெண்ட் சாக்கை உதறிக்கொண்டிருந்தார். அந்த அம்மா சொன்னது இது:

"அடுப்படிக்கு எதுக்குடா சன்னலு? தெருவுல போறவனெல்லாம் எங்க வூட்டுக் கொழம்ப எட்டிப் பாத்துட்டுப் போறதுக்கா?"

லப்பைக்குடிக்காட்டுக் கண்ணாடி

எட்டு என்று முடிவான பிறகு ராமலிங்கத்துக்குப் புது ஆசை வந்தது. லப்பைக்குடிக்காட்டில் துபாய்க்காரர் ஒருவர் வீட்டு முகப்பில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், அதைப் பார்க்க வேண்டும் என்று என்னைப் பஸ்ஸில் கூட்டிப் போனார். போகிற வழியெல்லாம் அந்தக் கண்ணாடியைப் பற்றியே பேசினார். அடுப்படிச் சன்னலைப் பற்றி நான் சொல்ல நினைத்து, வாயைத் திறப்பதற்குள் ஊர் வந்துவிட்டது.

வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தார். நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்து ரோஸ் மில்க் கொடுத்தார். கண்ணாடி அழகாகத்தான் இருந்தது. வெயில் பட்டுத் தரையில் கலர் கலராக விழுந்தது. கூடம் மட்டும் சுண்ணாம்புக் காளவாய் மாதிரி கொதித்தது. நான் எழுந்து போய்ச் சட்டத்தைத் தடவிப் பார்த்தேன். கீல் இல்லை, கொக்கி இல்லை. கண்ணாடியை அப்படியே சட்டத்தில் அடைத்திருந்தார்கள். எப்படித் திறப்பது என்று ராமலிங்கம் கேட்டார். அந்த பாய் சட்டைக் காலரைத் தூக்கி ஊதிக்கொண்டே சிரித்தார். வரும்போது ராமலிங்கம், "நம்ம வூட்டு முன்பக்கம் ரெண்டும் இதே மாதிரி போட்டுரு" என்றார். அந்த பாய் சொல்லி, அவர் காதில் விழாமல் போன பதிலை உங்களுக்காவது சொல்கிறேன்:

"மாஷா அல்லா, பாக்குறவங்களுக்கு அதுங்க. எங்களுக்கு மொட்ட மாடிதாங்க, பாயச் சுருட்டிக்கிட்டு மேல ஏறிருவோம்."

நாலு ஆணி

தளம் போட்டு, அதைத் தாங்குகிற முட்டுக் கம்புகளைக் கழற்றும்வரை எனக்கு அங்கே வேலை இல்லை. அந்த இடைவெளியில் அரியலூரில் ஒரு மளிகைக்கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். சன்னல் கதவு உப்பிக்கொண்டது, இழைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மழைக்காலத்தில் அது சகஜம். இழைத்து, எண்ணெய் போட்டு, ஒரு விரலால் தள்ளினால் திறக்கிற மாதிரி செய்து கொடுத்தேன். அவருக்கு ஒரு மகள். பத்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் வந்து திறந்து மூடித் திறந்து பார்த்தது. சந்தோஷமாக இருந்தது எனக்கு. தகப்பனார் கடையிலிருந்து வந்தார், திறந்திருந்த சன்னலைப் பார்த்தார், மகளை உள்ளே போகச் சொன்னார்.

பிறகு என்னிடம் அவர் சொன்ன வேலைக்கு நான் சுத்தியல் கொண்டுவரவில்லை என்று பொய் சொன்னேன். சுத்தியல் என் பைக்குள் இருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. நான் பை கட்டுவதற்குள் தன் கடையிலிருந்தே சுத்தியலை வரவழைத்துவிட்டார். இழைத்த மரத்தில் எண்ணெய்கூடக் காயவில்லை.

"தொறக்க வந்தாத்தானே தெருவப் பாக்குறா? நாலு ஆணி அடிச்சுட்டா எனக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி."

பாவம், பசு

திரும்பிப் பெரம்பலூருக்கு வந்தபோது, ராமலிங்கம் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் சாத்தி வைத்திருந்த ஒன்பதாவது சட்டத்தைக் காணோம். அது அடுப்படிக்கென்று நான் வேங்கையில் செய்தது. புகையும் நீராவியும் படும் இடம், பூவரசு தாங்காது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். கம்பியும் நெருக்கம், பூனை நுழையாது. யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்று சூசையிடம் கேட்டேன். அவர் பின்பக்கம் கையைக் காட்டினார்.

பின்னால் புதிதாக மாட்டுக்கொட்டகை எழும்பியிருந்தது. ஒரு பால்மாடு வாங்கியிருந்தார்கள். அதற்கு மூன்று பக்கம் செங்கல் சுவர். கிழக்குச் சுவரில், நான் செய்த வேங்கைச் சட்டம். நேர் எதிரே மேற்குச் சுவரில் காற்று வெளியேற ஜாலியும் வைத்திருந்தார்கள். காற்று நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி. அந்த மனை முழுவதிலும் சரியாகக் காற்றோட்டம் வைத்துக் கட்டிய கட்டடம் அது ஒன்றுதான். மாடு சன்னலோரம் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சரோசா அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். குனிந்து நிமிர்ந்ததிலேயே மூச்சு இழுத்தது. தற்காலிகமாகப் போட்டிருந்த கீற்றுச் சமையலறையில் புகை மண்டியிருந்தது. நான் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றதை ராமலிங்கம் கவனித்துவிட்டார். என் வேலையை வீணாக்கவில்லை என்று எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, முதுகில் தட்டிச் சொன்னார்:

"வாயில்லா சீவன் பாருப்பா, அதுக்குப் புழுங்குனா யாருகிட்ட போயிச் சொல்லும்?"

ஏழு

பூச்சு வேலை முடியும் நேரத்தில் மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். மேற்கு அறையின் பக்கவாட்டுச் சன்னல் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது, திறந்தால் தன் எல்லைக்குள் ஒரு சாண் நீட்டுகிறது என்றார். கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றலாம் என்று நானே முனகினேன். அது அவருக்குப் போதவில்லை. "கதவு என் எடத்துக்கு வரக்கூடாது. உங்க வூட்டுக் கண்ணும் வரக்கூடாது" என்றார். தெருக்காரர்கள் கூடி, பேசி, அந்தச் சன்னலை எடுத்து அடைத்துவிடுவது என்று முடிந்தது. ராமலிங்கம் தலையாட்டிவிட்டு வந்தார். பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. நல்ல நாள் நேரத்தில் வம்பு வேண்டாம் என்று நினைத்தார்.

சூசை செங்கல்லை அடுக்கத் தொடங்கினார். நான் எடுத்த சட்டத்தைச் சுவரோரம் வைத்தேன். கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த சரோசா துடைப்பத்தை நிறுத்தாமல், யாரையும் பார்க்காமல், "அப்ப ஏழுதானே ஆவுது?" என்றார்.

மாமியார் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். விரல் மடக்கி எண்ணினார். எழுந்து அறை அறையாகப் போய் எண்ணினார். ஏழு. ஒத்தைப்படை. அப்படியானால் இன்னும் ஒன்றை அடைத்து ஆறாக்கு என்றார். எதை? முன்பக்கக் கலர்க் கண்ணாடியைத் தொடாதே என்று மகன் பாய்ந்தார். நெல் அறையில் அடைத்தால் நெல் பூசணம் பூத்துப்போகும் என்று அந்த அம்மாவே சொன்னார். தான் படுக்கிற அறையில் ஒன்று குறைந்தால் தனக்கே புழுங்கும் என்றும் அவரே சொன்னார். மேற்கு அறைக்கு மிஞ்சியதே ஒன்று. ஒவ்வொரு சன்னலுக்கும் பரிந்து பேச ஒரு ஆள் இருந்தது. கூடத்துப் பக்கவாட்டுச் சன்னல் ஒன்றுதான் கேட்பாரற்றது. அதையும் அடைத்தால் கூடத்தில் திறக்கிற சன்னலே இருக்காது. அது ராமலிங்கத்துக்கே தெரிந்தது.

ஒன்று கூட்டி எட்டாக்கலாமே என்றார் ராமலிங்கம். சூசை கரணையைக் கழுவிக்கொண்டே, கண்ட இடத்தில் சுவரை உடைக்க முடியாது, சன்னல் தலைக்கு மேல் போடுகிற கான்கிரீட் லிண்டல் ஓடிய இடத்தில்தான் உடைக்கலாம், வாத்தியார் பக்கம் போக, கீழே சன்னல் இல்லாத லிண்டல் கிழக்குச் சுவரில் ஒன்றுதான் மிச்சம் என்றார். அது அடுப்படிச் சுவர். சன்னல் வேண்டாம் என்றபோது சூசை இடத்தைச் செங்கல் வைத்து அடைத்தாரே தவிர லிண்டலை நிறுத்தவில்லை. அந்த அம்மா மகன் முகத்தைப் பார்த்தார், மகன் சோசியர் வீடு இருக்கிற திசையைப் பார்த்தார். சரோசா பெருக்கிக்கொண்டே வாசல் பக்கம் போய்விட்டார். முகம் எனக்குத் தெரியவில்லை. சூசைதான் முடித்துவைத்தார்:

"எங்க வேதக்காரங்களுக்கு ஏழு நல்ல நம்பருங்க. ஒங்களுக்குத்தான் ஆவாதுன்னா, பால் பொங்குறதுக்குள்ள சொல்லிருங்க, நான் ஊருக்குப் போவணும்."

வெளியே நின்று

இந்த முறை அடுப்படிக்கு நான்கு கதவுச் சன்னலே செய்தேன். குழம்பை யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்று சூசையை விட்டுச் சொல்லச் சொன்னேன். மேற்கு அறையில் எடுத்த சட்டம் அளவுக்குச் சிறிது. அதைச் செருகி வேலையை முடி என்றார்கள். நான் அளவு சரியில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே புதிதாக அறுத்துவிட்டேன். நாள் நெருங்கியதால் சட்டத்தையும் கம்பியையும் வைத்துவிட்டோம். கதவு மாட்டுவதற்குள் பால் காய்ச்சி, அடுப்பு மூட்டிவிட்டார்கள்.

மறுநாள் கதவுகளைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். அதுவரை அந்த அடுப்படிக்குள் நான் நூறு முறை போயிருப்பேன். அளந்தேன், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன், மரத்தூளோடு படுத்துத் தூங்கினேன். எங்கள் பாட்டன் காலத்தில் அவர்கள் வயலில் கூலிக்கு அறுத்தவர்கள் நாங்கள் என்பது கட்டும்போது யாருக்கும் நினைவில்லை. பால் காய்ச்சியதும் நினைவு வந்துவிட்டது. அந்த அம்மா நடையிலேயே நிறுத்தி, "வெளியில நின்னே மாட்டிட்டுப் போ. உள்ள அடுப்பு பத்த வச்சாச்சு" என்றார். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பை அங்கே விடு என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

கதவுகளை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது. உள்ளிருந்து இருமல் கேட்டது. வந்தால் நிற்காத இருமல். வீட்டைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போனேன். கீலை வெளியே நின்று முடுக்கலாம், அது சிரமமில்லை. கொக்கியும் தாழ்ப்பாளும் உள்பக்கம். அதற்கு நான் என்ன செய்ய? மேல்கதவைச் சாத்திவிட்டு, திறந்திருந்த கீழ்ப்பாதியில் கம்பிக்கு நடுவே திருப்புளியை நீட்டினேன். சரோசா வாங்கிக்கொண்டார். எங்கே, எந்தப் பக்கம் சுற்றுவது என்று நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு திருகாணியாக அவரே முடுக்கினார். ஒன்று கோணிக்கொண்டது. கழற்றி நேராகப் போடச் சொன்னேன், போட்டார். வீட்டுப் பெண் ஆசாரி வேலை செய்கிறாளே என்று மாமியார் உள்ளே சத்தம் போட்டார். "நீங்க வந்து முடுக்குறீங்களா அத்தை?" என்றார் சரோசா.

கடைசித் திருகாணி முடிந்ததும் மேல்கதவு இரண்டையும் அவர் உள்ளிருந்து தள்ளித் திறந்தார். அத்தனை நேரம் மேலே அடைபட்டிருந்த புகை முழுவதும் என் முகத்தில் அடித்தது. கண் எரிந்து, இருமி, தடுமாறிக் கிணற்றடிவரை போய்விட்டேன். கம்பிக்குப் பின்னால் அவர் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

"இப்பத் தெரியுதா அண்ணே, இத்தன நாளு நான் எத முழுங்கிட்டு இருந்தேன்னு?"

ஒத்தைக் காலில் நின்றவர்

அந்தச் சன்னலுக்குப் பிறகு இருமல் குறைந்துவிட்டது, இப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது அபூர்வம் என்று சரோசா கடைவீதியில் சூசையிடம் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டேன். கோபம் மட்டும் தணியவில்லை. மூச்சு முட்டுகிறது என்று வாய்விட்டுக் கேட்டபோது கிடைக்காத சன்னல், ஏழு என்று எண்ணிச் சொன்னதும் கிடைத்ததே என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ராமலிங்கம் தன் மச்சினன் வீட்டுக்கு என்னையே சிபாரிசு செய்தார். அங்கே அளவெடுக்கப் போனபோது மனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான்கு பேருக்கு நடுவே விளக்கிக்கொண்டிருந்தார். நான் நூல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். என்னைச் சாட்சிக்கு வேறு பார்த்துக்கொண்டார்.

"மொதல்ல அடுப்படிக்குக் காத்த வையி மாப்ள. பொம்பளைங்க பாடு நமக்குத் தெரியணும்ல? எங்க வூட்டுல எல்லாரும் வேணாம்னாங்க, நான்தான் ஒத்தக் கால்ல நின்னு வச்சேன்."

எங்கள் பக்கத்தில் ஓர் அடுப்படிக்குக் காற்று வர வேண்டுமென்றால் சன்னல் செய்யத் தெரிந்தவன் மட்டும் இருந்தால் போதாது, பக்கத்து மனையில் நல்ல சண்டைக்காரராக ஒரு வாத்தியாரும் குடியிருக்க வேண்டும்.